டெல்லியில் 4 நாள், நடுவில் ஒரு திங்கள்: எங்கே தங்குவது, எதை எப்போது பார்ப்பது?

நெல்லைக்குடும்பம்:
அரையாண்டு விடுமுறையில் டெல்லி போகிறோம். பெரியவர்கள் 4 பேர் (அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது), பிள்ளைகள் 2 பேர் (8, 12 வயது). தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சனிக்கிழமை காலை இறங்குகிறோம். செவ்வாய் இரவு அதே வண்டியில் திரும்புகிறோம். 2 அறை வேண்டும், அறைக்கு ஒரு நாளைக்கு 3,500 ரூபாய் வரை. பஹார்கஞ்ச், கரோல்பாக், ஏரோசிட்டி இதில் எது சரி? செங்கோட்டை, குதுப் மினார், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் பார்க்கணும். முடிந்தால் ஆக்ரா. திங்கட்கிழமை எல்லாம் மூடிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

மெட்ரோமாணிக்கம்:
கரோல்பாக் எடுங்க. ஏரோசிட்டி விமானத்தில் வருபவர்களுக்கு. உங்க தொகைக்குக் கட்டுப்படியாகாது, ஊரும் தூரம். பஹார்கஞ்ச் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கு என்றாலும் மெயின் பஜாருக்குள் சாயங்காலம் கார் நுழைவது கஷ்டம், முழங்கால் வலியோடு பெட்டி இழுத்து நடக்கணும்.

கரோல்பாக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு புக் பண்ணாதீங்க. போனில் இதைக் கேளுங்க:

– லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தா? பல இடங்களில் ஏழெட்டுப் படி ஏறின பிறகுதான் லிஃப்டே இருக்கும்.
– ஜன்னல் வெளியே திறக்குமா? வராந்தாவைப் பார்த்த ஜன்னலையும் "விண்டோ ரூம்" என்றுதான் சொல்வார்கள்.
– ஏ.சி.யில் சூடு வருமா, இல்லை ஹீட்டர் தனியா? தனி என்றால் நாள் வாடகை உண்டா? டிசம்பர் கடைசியில் இது இல்லாமல் இரவு தாங்காது.
– கீசர் எத்தனை லிட்டர்? 15 லிட்டர் என்றால் ஒருத்தர் குளித்ததும் அடுத்தவர் கால் மணி நேரமாவது காத்திருக்கணும். அறைக்கு 3 பேர், காலையில் கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்க.
– செக்-இன் 12 மணியா, 24 மணி நேரமா? உங்க வண்டி காலையிலேயே வந்துவிடும். 24 மணி நேர செக்-இன் இருந்தால் அதுவே பாதி நிம்மதி.

பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதார் கேட்பார்கள். ஒருத்தர் கார்டை வைத்துச் சமாளிக்க முடியாது.

சுற்றுலாசெல்வி:
திங்கள் விஷயம் பாதி உண்மை. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் திங்கள் விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். பங்களா சாஹிப் குருத்வாரா, இந்தியா கேட், பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடம் இவற்றுக்கும் கிழமைத் தடை இல்லை. கடைகளுக்குத் தனிக் கணக்கு: சாந்தினி சௌக் ஞாயிறு லீவு, கரோல்பாக்கும் சரோஜினி நகரும் திங்கள் லீவு.

அதனால் சனி மதியம் செங்கோட்டை, கையோடு சாந்தினி சௌக். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி வரை அந்தச் சாலையில் பகலில் மோட்டார் வண்டி விடமாட்டார்கள். அப்பாவுக்கு சைக்கிள் ரிக்ஷா வையுங்கள், கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

ஞாயிறு காலை தாமரைக் கோயில் (கால்காஜி மந்திர் மெட்ரோ), மதியத்துக்கு மேல் அக்ஷர்தாம். இருட்டிய பிறகு நீர்க்காட்சி உண்டு. உள்ளே போன், பை, வெளிச் சாப்பாடு எதுவும் கூடாது. எல்லாவற்றையும் கவுன்டரில் கொடுத்துச் சீட்டு வாங்கணும். விடுமுறை நாளில் அந்த வரிசையே நேரத்தைத் தின்னும். போன்களை ஒருவர் பையில் போட்டு ஒரே சீட்டாக வாங்குங்கள். உள்ளே ஒருவரையொருவர் தவறவிட்டால் அழைக்க வழியில்லை, சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் ஆக்ரா. தாஜ் மஹாலுக்கு வெள்ளிதான் விடுமுறை. கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளி தவிர எல்லா நாளும் ஓடுகிறது: ஹஸ்ரத் நிஜாமுதீனில் காலை 8 மணியை ஒட்டிக் கிளம்பி 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட்.

மெட்ரோமாணிக்கம்:
செல்வி சொன்ன கிழமைக் கணக்கு சரி. ஆனால் டிசம்பர் கடைசியில் அந்த 100 நிமிடத்தை நம்பாதீங்க. பனிமூட்டம் இறங்கினால் எந்த வண்டியும் மணிக்கணக்கில் தாமதமாகும். போய்ச் சேர்ந்தாலும் வெயில் ஏறும்வரை தாஜ் வெள்ளைத் திரைக்குப் பின்னால்தான். மேடை மேலே போகத் தனி டிக்கெட், படியும் உண்டு. அப்பாவை வைத்துக்கொண்டு நான் திங்கள் குதுப், ஹுமாயூன் என்றுதான் போடுவேன். குதுப் மினார் மெட்ரோவில் இறங்கினால் மினார் பக்கத்தில் இருக்காது, ஆட்டோ பிடிக்கணும். கோபுரத்துக்குள் 1981 விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை, பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிடுங்க. இரண்டு இடத்திலும் 15 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது.

இன்னொன்று: கரோல்பாக்கிலிருந்து அக்ஷர்தாமுக்கு ப்ளூ லைன் நேரடி. ஆனால் யமுனா பேங்கில் பாதை பிரியும். நொய்டா வண்டியில் ஏறணும். வைஷாலி வண்டியில் ஏறினால் அடுத்து லக்ஷ்மி நகர்தான் வரும்.

சுற்றுலாசெல்வி:
பனிமூட்டம் சரியான வாதம். ஆக்ராவுக்கு டிக்கெட் எடுத்தாலும் முந்தைய இரவு வண்டியின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் அந்நேரத்தில் நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதியோ முழுவதுமோ போய்விடலாம். செவ்வாய்க்குப் பெரிதாக எதுவும் வைக்காதீர்கள், விட்டது ஏதாவது இருந்தால் அன்று பகலில்.

நெல்லைக்குடும்பம்:
இருவருக்கும் நன்றி. செவ்வாய் 12 மணிக்கு அறையைக் காலி செய்தால் இரவு வரை பெட்டிகளை எங்கே வைப்பது?

மெட்ரோமாணிக்கம்:
ஹோட்டல் ரிசப்ஷனிலேயே பெரும்பாலும் வைத்துக்கொள்வாங்க, புக் பண்ணும்போதே கேட்டு வையுங்க. ஸ்டேஷன் க்ளோக் ரூமில் வைப்பதென்றால் பூட்டுப் போடாத பெட்டியை வாங்கமாட்டாங்க, ரயில் டிக்கெட்டும் காட்டணும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் ராஜீவ் சௌக்கில் பெட்டிகளோடு மெட்ரோ மாறப் பார்க்காதீங்க, கார் போடுங்க. முதலில் ஆப்பில் பிளாட்பாரம் பாருங்க: 1-க்கு அருகே என்றால் பஹார்கஞ்ச் பக்கம், 16-க்கு அருகே என்றால் அஜ்மேரி கேட் பக்கம். தப்பான பக்கம் இறங்கினால் அப்பா மேம்பாலத்தை முழுசாக நடந்து கடக்கணும். வாசலில் யாராவது "உங்க டிக்கெட் கன்ஃபர்ம் ஆகலை, ஆபீசுக்கு வாங்க" என்றால் நிற்காமல் நடங்க. வந்திறங்கும் அன்று "உங்க ஹோட்டல் பக்கம் ரோடு மூடியிருக்கு" என்பதும் இதே ஆட்கள்தான்.