ஹார்டு டிஸ்க் செருகுனா டிங்-டொங், மதர்போர்டு போயிட்டுன்னு சொல்லுதாவ

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். வீட்டுல பழைய அசெம்பிள் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. தங்கச்சி கல்யாண போட்டோ வீடியோ எல்லாம் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல கிடக்கு. கேபினட் முன்னாடி நீல போர்ட்ல செருகுனா சத்தம் வருது, டிரைவ் தெரியுது, ஒரு போல்டர திறக்கதுக்குள்ள காணாம போயிருது, பொறவு தானா வருது, திரும்ப போகுது, வீட்டுல எல்லாருக்கும் அந்த டிங்-டொங் சத்தம் கேட்டு காதே புளிச்சிட்டு. ஆனா பழைய பென்டிரைவ் அதே ஓட்டையில நல்லா எடுக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கைல சிபியூவ தூக்கி மச்சுல வச்சி எறக்குனோம், அதுல இருந்துதான் இந்த கூத்து. கடைக்கு கொண்டுபோனா தொறந்துகூட பாக்காம மதர்போர்டு போயிட்டு, 4500 ஆவும்ங்காரு. உண்மையா?

பாளை சால்டரிங்:
தொறக்காமலே சொன்னாரா, நல்லா இருக்கு. மதர்போர்டு போனா பென்டிரைவ் எப்படிவே எடுக்கும்? முன்னாடி இருக்க போர்ட் போர்டுல ஒட்டுனது இல்ல, உள்ள ஒரு கேபிள் வழியா வருது. பின்னாடி இருக்கதுதான் நேரா போர்டுல சால்டர் பண்ணுனது. மொதல்ல பின்னாடி நீல போர்ட்ல செருகிப் பாருங்க. எனக்கு பவர் மேலதான் சந்தேகம், ஹார்டு டிஸ்க் உள்ள மோட்டார் சுத்த ஆரம்பிக்கைல நிறைய கரண்டு இழுக்கும், பென்டிரைவுக்கு அது வேண்டாம். பழைய யூஎஸ்பி 2 வகை போர்ட் 500 மில்லி ஆம்பியர், நீலமா இருக்க யூஎஸ்பி 3 வகை 900 வரைக்கும் கொடுக்கணும். ஆனா டிஸ்க்ல கட் கட்னு சத்தம் கேட்டா உடனே உருவிருங்க, திரும்பத் திரும்ப செருகிப் பாக்காதீய.

பணகுடி காத்தாடி:
செட்டிங்கையும் பாத்துக்கோங்க. டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப்ப ரெட்டை கிளிக் பண்ணி பவர் மேனேஜ்மென்ட்ல இருக்க டிக்க எடுங்க, பவர் ஆப்ஷன்ஸ்ல செலக்டிவ் சஸ்பெண்ட் இருக்கும், கரண்ட மிச்சம் பிடிக்க சும்மா இருக்க யூஎஸ்பிய தூங்க வைக்கதுதான் அது, அதையும் டிசேபிள் பண்ணுங்க. இன்னொண்ணு, கேபினட் தகரத்த தொட்டா சுர்ருங்குதா? எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எர்த் ஒயரே கொடுக்கல.

கல்லிடை அப்பளம்:
சுர்ருன்னுலாம் இல்ல அண்ணாச்சி. டிக்க எடுத்தேன், முன்னாடி அதே கததான். பின்னாடி செருகுனா கல்லு மாதிரி நிக்கி! மொதல்ல போட்டோ பூராத்தையும் காப்பி பண்ணிட்டேன். ஆனா இப்ப ஒயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடுது, இது என்ன சவம் புதுசா?

தென்காசி சாரல்:
மவுஸ் டாங்கிள், அதான் மவுசுக்குன்னு செருகுத குட்டி ரிசீவர், அந்த நீல போர்ட்டுக்கு பக்கத்துலயா இருக்கு? யூஎஸ்பி 3 ஓடைல வார இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும், மவுசும் அதுலதான் பேசுது. டாங்கிள முன்னாடி மாத்துங்க, சரியாயிரும்.

முன்னாடி போர்ட்டுக்கு பாளைக்காரர் சொன்ன பவர் காரணமாவும் இருக்கலாம், ஆனா எனக்கு உள்ள கேபிள் மாட்டுத பின் (ஊசி கம்பி) மேலதான் சந்தேகம். பழைய பென்டிரைவுக்கு நாலு கம்பி போதும், யூஎஸ்பி 3 டிஸ்க்குக்கு கூட அஞ்சு வேணும். அந்த அஞ்சுல ஒண்ணு ஆடுனாலும் இப்படித்தான் வந்து வந்து போகும். செலவில்லாம கண்டுபிடிக்கலாம்: டிஸ்க்ல அகலமா ரெண்டு பகுதியா ஓட்டை இருக்குல்லா, அதுல பெரிய பகுதியில பழைய மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள் அப்படியே போயி உக்காரும். அத முன்னாடி செருகுங்க. மெதுவா ஆனா விழாம ஓடுச்சின்னா டிஸ்க் மேலயும் பவர் மேலயும் பழி இல்ல. உள்ள போயி மதர்போர்டுல தடியா நீல பிளக் ஒண்ணு இருக்கும், 19 பின், அத பாருங்க. மறக்காம மெயின் ஒயர உருவிட்டு தொறங்க.

கல்லிடை அப்பளம்:
சார் சொன்னதேதான்! பழைய போன் கேபிள்ல ஆமை மாதிரி போச்சி, ஆனா விழல. பொறவு பக்கத்து தகட்ட கழத்துனேன், ஒட்டடை ஒரு கைப்பிடி. நீல பிளக் ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கி, உருவிப் பாத்தா ஒரு பின் நாணல் மாதிரி சாஞ்சி கிடக்கு. மச்சுல ஏத்தைல எதோ இழுத்திருக்கும் போல. அம்மாவோட புருவம் புடுங்குத இடுக்கிய வச்சி, மூச்ச புடிச்சிக்கிட்டு, மெல்ல நிமுத்தி திரும்ப அழுத்துனேன்.

பாளை சால்டரிங்:
நான் பவருன்னு நெனச்சேன், தோத்துட்டேன். பின் ஒடியலல்லா? ஒடிஞ்சா 4500 நெசமாயிருக்கும்.

கல்லிடை அப்பளம்:
ஒடியல. முன்னாடி இருக்க ரெண்டு நீல போர்ட்ல வலது போர்ட்ல டிஸ்க் இப்ப முழு வேகத்துல ஓடுது. இடது போர்ட் இன்னும் அதே டிங்-டொங்தான், திரும்ப பின்ன நோண்ட தைரியம் வரல. அப்பா மறந்து அதுல செருகிரக் கூடாதுன்னு செல்லோடேப் ஒட்டிட்டேன்.