வேர்ட்பிரஸ் சொற்பட்டியல் பிளக்இன்: முதலெழுத்து உடைகிறது, அகர வரிசையும் தப்பாக வருகிறது, உதவி வேண்டும்

தொண்ணூறடி ரோடு:
வணக்கம். தாராவியில் எங்கள் ஆச்சி பேசுகிற சொற்களை ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்த்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆச்சி வாயில் வெஞ்சனம் (தொடுகறி), கோட்டி (பைத்தியம்), பைய (மெதுவாக) எல்லாம் அப்படியே இருக்கிறது, இப்போதே எழுதி வைக்காவிட்டால் எங்கள் வீட்டில் அடுத்தாற்போல் இதைச் சொல்ல ஆள் கிடையாது. சொல்லுக்கு ஒரு பதிவு என்று இதுவரை 412 பதிவுகள். அவற்றை முதலெழுத்து வாரியாகப் பிரித்துக் காட்ட ஒரு சின்ன பிளக்இன் (தளத்தோடு சேர்க்கிற துணை நிரல்) நானே எழுதினேன். அதற்கான நிரல் மொழி பிஎச்பி, நானாகப் படித்துக்கொண்டதுதான்.

முதலில் சப்ஸ்டர் (சொல்லிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தரும் ஃபங்ஷன்) வைத்து தலைப்பின் முதல் எழுத்தை எடுத்தேன், எழுத்துக்குப் பதில் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி வந்தது. எம்பி சப்ஸ்டர் என்று மாற்றினால் கேள்விக்குறி போய்விட்டது, ஆனால் கொழுக்கட்டை, கோட்டி எல்லாமே 'க' தலைப்பின் கீழே போய் உட்கார்ந்துகொண்டன. எனக்கு கொ தனி, கோ தனி வேண்டும். அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு கிராஃபீம் சப்ஸ்டர் போட்டு சர்வரில் ஏற்றினேன், தளமே விழுந்துவிட்டது. சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டு போனிலேயே ஃபைல் மேனேஜரைத் திறந்து பிளக்இன் ஃபோல்டரின் பெயரை மாற்றிய பிறகுதான் தளம் திரும்பி வந்தது.

வரிசையும் சரியில்லை. ஜமுக்காளம் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் வருகிறது. மலைக்கு முன்னால் மறி, அக்காவுக்கு முன்னால் அகல். வரிசைப்படுத்த வெறும் சார்ட் ஃபங்ஷன்தான் போட்டிருக்கிறேன். எங்கே தப்பு?

செம்பூர்:
தம்பி, முதலில் எழுத்து உடைவதைப் பார்ப்போம். கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். சப்ஸ்டர் பைட்டைத்தான் எண்ணும், ஒரு பைட் மட்டும் வெட்டி எடுத்தால் அது எந்த எழுத்தும் இல்லை, அதனால்தான் கேள்விக்குறி. எம்பி சப்ஸ்டர் யூனிகோட் குறியை, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தனித்தனியாக எண் கொடுத்த பட்டியலில் உள்ளதை, எண்ணும். நமக்கு 'கொ' ஓர் எழுத்து, யூனிகோடுக்கு அது 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. முதல் குறியை மட்டும் கேட்டீர்கள், அது 'க'வைக் கொடுத்தது.

கிராஃபீம் சப்ஸ்டர் தான் நாம் நினைக்கிற எழுத்தைக் கொடுக்கும், நீங்கள் படித்தது சரி. ஆனால் அது பிஎச்பியோடு தனியாகச் சேர்க்க வேண்டிய இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங்கில் அதை ஏற்றியிருக்க மாட்டார்கள், இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் தளம் அங்கேயே நிற்கும். இனி இப்படி எதைப் போட்டாலும் ஃபங்ஷன் எக்சிஸ்ட்ஸ் என்று ஒரு வரி சோதித்துவிட்டுப் போடுங்கள்.

இன்ட்ல் இல்லாமலே வழி உண்டு. பிரெக் மேட்ச் (கொடுத்த வடிவத்துக்குப் பொருந்துவதைப் பிடிக்கும் ஃபங்ஷன்) எழுதி அதன் பேட்டர்னில் தொடக்கக்குறி, பின்சாய்கோடு, பெரிய எக்ஸ், கடைசியில் சின்ன யு கொடி. அந்த எக்ஸ் ஒரு முழு எழுத்தைக் குறிகளோடு சேர்த்தே பிடிக்கும். 'கொ' கொ-வாகவே வரும். க்ஷ, ஸ்ரீ மட்டும் இரண்டாகப் பிரியும், அதைத் தனியாகக் கையாள வேண்டும்.

அந்தோப் ஹில்:
இதற்கு எதற்கு இவ்வளவு? தலைப்பை ஆங்கிலத்தில் எழுதி இன்னொரு ஃபீல்டில் வைத்து அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். நான் என் தளத்தில் அப்படித்தான் செய்கிறேன்.

தொண்ணூறடி ரோடு:
அண்ணே, அப்படிச் செய்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஆச்சியின் உச்சரிப்பைக் காட்டத்தான் இந்தத் தளமே. தமிழ் வரிசையிலேயே வேண்டும்.

செம்பூர் அக்கா, எக்ஸ் வேலை செய்கிறது, மிக்க நன்றி!

முலுண்ட்:
வரிசைக்கு நான் சொல்கிறேன். சார்ட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும், அது நம் நெடுங்கணக்கு (தமிழ் எழுத்து வரிசை) இல்லை. யூனிகோடில் ச-வை அடுத்து ஜ, ந-வை அடுத்து ன, அப்புறம் ர, ற, ல, ள, ழ, வ என்று போகும். புள்ளிக் குறி க முதலான எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது, அதனால்தான் அக்கா பின்தங்குகிறது. இன்ட்ல் இருந்தால் அதில் மொழிவாரியாக வரிசைப்படுத்தும் கொலேட்டரில் தமிழ் என்று சொன்னால் போதும். உங்களுக்கு இல்லை என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்களால் ஆன சாவி ஒன்று நாமே செய்துகொள்ளலாம், ரொம்பச் சின்ன வேலை.

உயிருக்கு 01 முதல் 12. ஆய்தம் 13. மெய்க்கு க் 21இல் தொடங்கி ன் 38 வரை, கிரந்த எழுத்துகள் அதற்குப் பின். ஒவ்வொரு மெய்யை அடுத்தும் இரண்டு இலக்கம்: புள்ளி என்றால் 00, குறி எதுவும் இல்லையென்றால் அகரம், அது 01, கால் வந்தால் 02, இப்படியே ஔகாரம் 12. மலை 30013309, மழை 30013509, மறி 30013703. அக்காவில் 2100 வருகிறது, அகலில் 2101, எனவே அக்கா முன்னால். அகராதிகளும் புள்ளி எழுத்தைத்தான் முன்னால் வைக்கின்றன. சொல்லுக்கு எதிரே இந்தச் சாவியை வைத்து ஏசார்ட் போடுங்கள், சாவி வரிசையில் சொற்களை அடுக்கும்.

தொண்ணூறடி ரோடு:
போட்டேன். ஆனால் இப்போது சின்னச் சொற்கள் எல்லாம் மேலே, நீளமானவை எல்லாம் கீழே. கொழுக்கட்டைக்கு மேலே பைய நிற்கிறது. சாவியை அச்சிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

முலுண்ட்:
நான் சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். வெறும் இலக்கமாக இருக்கிற சரங்களை பிஎச்பி எண்ணாகவே ஒப்பிடும், நீளமான எண் பெரிய எண்ணாகிவிடுகிறது. ஏசார்ட்டில் இரண்டாவதாக சார்ட் ஸ்ட்ரிங் என்ற கொடியைக் கொடுங்கள், எழுத்து எழுத்தாக ஒப்பிடும்.

தொண்ணூறடி ரோடு:
வந்துவிட்டது! ஜமுக்காளம் கடைசிக்குப் போய்விட்டது. ஒன்றே ஒன்று மிச்சம். கௌளி இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று கௌ கீழே, இன்னொன்று கெ கீழே. இரண்டு பதிவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்று நான் தட்டியது, இன்னொன்று என் தங்கை தட்டியது.

செம்பூர்:
இது எனக்கு மிகவும் பழக்கமான வலி. உங்களில் ஒருவர் ஔகாரக் குறியைத் தட்டாமல் ஒற்றைக் கொம்பும் பக்கத்தில் ள-வும் தட்டியிருக்கிறீர்கள். பார்வைக்கு ஒன்றேதான், கணினிக்கு 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்து. கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்த கொ, கோ இருந்தால் மாற்றிவிடலாம்: ஒற்றைக் கொம்பு, கால் என்பதை ஒகரக் குறியாக, இரட்டைக் கொம்பு, கால் என்பதை ஓகாரக் குறியாக. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கிற ஸ்டர் ரிப்ளேஸ் இரண்டு வரி போதும், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

ஆனால் கொம்பும் ள-வும் சேர்ந்ததைத் தானாக மாற்றவே மாற்றாதீர்கள். ஆச்சி வெளக்கமாறு என்று சொல்வார்கள் இல்லையா, அதில் உண்மையாகவே வெ-வும் ள-வும் இருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை வௌக்கமாறு ஆக்கிவிடும், நீங்கள் காப்பாற்ற நினைத்த சொல்லே கெட்டுப்போகும். கொம்புக்கு அடுத்து ள வந்து, அந்த ள-வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத தலைப்புகளை மட்டும் பட்டியலிடுங்கள், தெளிவு, வெள்ளி எல்லாம் தானாக விலகிவிடும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்துங்கள்.

இன்னொன்று, சொலவடைகளும் சேர்ப்பதாக இருந்தால் முகவரியைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து செய்கிற முகவரிக்கு 200 இடம்தான், தமிழ்க் குறி ஒன்று அதில் 9 இடம் பிடிக்கும், 22 குறியில் வெட்டிவிடும். நீளமான தலைப்புக்கு முகவரியை நீங்களே சுருக்கமாக எழுதிவிடுங்கள்.

தொண்ணூறடி ரோடு:
பட்டியலில் 9 தலைப்புகள் வந்தன. ஆச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். 6 திருத்த வேண்டியவை, வெளக்கமாறு உட்பட 3 சரியாகவே இருந்தன. கௌளி இப்போது ஒரே பதிவுதான், கோட்டிக்கு அடுத்து வருகிறது.