பழைய டீசல் லாரி: இரவு நின்றால் லைனில் காற்று. எந்தப் பக்கம் பார்ப்பது?

இன்லைன் பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உள்ள பழைய டீசல் லாரி. இரவு நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஃபில்டரில் காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்தால் முதலில் நுரை, அப்புறம்தான் சுத்தமான டீசல். ஓட ஆரம்பித்துவிட்டால் இழுவையில் குறையே இல்லை.

வெளியே கசிவு கிடையாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை டேங்கிலிருந்து இழுத்துத் தரும் பம்ப்) வரை உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டர்களும், பைப்பை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்களும் புதுசு. ஃபீட் பம்ப் இன்லெட்டில் கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டிப் பார்த்தாயிற்று: ஓடும்போது குமிழி இல்லை, நிறுத்தியதும் டீசல் மெல்ல டேங்க் பக்கம் இறங்குகிறது. டேங்க் நிறைந்திருந்தால் தொல்லை குறைவு.

குறை ஃபீட் பம்ப் வால்வா, மிஞ்சிய டீசலை ரிட்டர்ன் ஹோஸ் வழியே டேங்குக்குத் திருப்பும் ஓவர்ஃப்ளோ வால்வா, பிரைமர் சீலா? ரிட்டர்ன் ஹோஸை இரவு மட்டும் கிளாம்ப் போட்டு மூடி, காலையில் கிளாம்பை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓவர்ஃப்ளோ வால்வைத் தனியாகப் பிரித்துவிடலாமா? பம்பைக் கழற்றுமுன் செய்யவேண்டிய வேறு சோதனை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.