டிசையருக்கு ஸ்பீக்கர், ஆம்ப், சப்வூஃபர்: கடையில் சொன்ன ‘1200 வாட்’ செட்டை எடுக்கலாமா?

தேவிபட்டினம்_டிசையர்:
அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேண்டும். பெட்ரோல் டிசையர். கம்பெனி டச் ஸ்கிரீன் செட், நாலு கதவிலும் கம்பெனி ஸ்பீக்கர், வேறு எதுவும் சேர்க்கவில்லை. மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். 12 இஞ்ச் பாஸ் பாக்ஸ் (அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டி), ‘1200 வாட்’ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு ஜோடி ஓவல் ஸ்பீக்கர், வயரிங் எல்லாம் சேர்த்து 26,000 என்கிறார். முன்கதவு ஸ்பீக்கரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், முதலில் பாஸ்தான் என்று அடித்துச் சொல்கிறார். கையில் 35,000 வரை இருக்கிறது.

கூடவே ஒரு தொல்லை. முன் இடது கதவில் கொஞ்ச நாளாகக் கரகரவென்று சத்தம், சவுண்டைக் கூட்டினால் தவில் விழும் இடமெல்லாம் கிழிகிறது. வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும், கடல் கூப்பிடு தூரம், காலையில் கண்ணாடியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். டிக்கி முழுவதையும் பாக்ஸுக்குத் தாரைவார்க்க முடியாது, ஐஸ் பெட்டி ஏற்றவேண்டி வரும். கேட்பது பெரும்பாலும் பழைய மெலடி, நாதஸ்வரம். ராத்திரியில் தனியாகத் தொண்டி ரோட்டில் வரும்போது மட்டும் கானா. என்ன செய்யலாம்?

வயர்மேன்_மண்டபம்:
தம்பி, பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த ஆம்பின் பக்கவாட்டில் ஃப்யூஸ் செருகியிருக்கும், அதில் என்ன எண் என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியில் 1200 என்றும் அடிக்கலாம் 3000 என்றும் அடிக்கலாம், ஃப்யூஸில் அந்த வேலை நடக்காது.

கரகர சத்தத்துக்கு: செட்டில் பேலன்ஸை முழுக்க இடதுக்குத் தள்ளி, ஃபேடரை முன்னுக்குத் தள்ளி அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓட விடுங்கள். பாட்டு ஓடும்போதே கதவு டிரிம்மை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் கிளிப் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் டிரிம்மைக் கழற்றி ஸ்பீக்கரைப் பார்த்தே ஆகவேண்டும்.

கீழக்கரை_காக்கா:
வயர்மேன் சொல்வதைச் செய்யுங்கள், ஆனால் என் கட்சி வேறு. கம்பெனி ஸ்பீக்கரோடு ஒரு சப்வூஃபர் சேர்த்தாலே வண்டி வேறு வண்டி ஆகிவிடும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டு ‘ம்ம், கொஞ்சம் தெளிவாக இருக்கிறது’ என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கானா கேட்கிற ஆளுக்கு போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸ்தான் சரி. அந்த 1200 எனக்கும் இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவிபட்டினம்_டிசையர்:
போட்டோ வந்தது. ஒரே ஒரு ஃப்யூஸ், 30 என்று போட்டிருக்கிறது. கதவை அழுத்தியும் சத்தம் நிற்கவில்லை. டிரிம்மைக் கழற்றினேன். ஸ்பீக்கர் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், கிளிப்பை இழுத்ததும் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. ஃபிரேம் ஓரம் துரு. கோனைச் சுற்றியுள்ள வளையம் கீழ்ப்பக்கம் அரை விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது, விரலால் தள்ளினால் அந்த இடம் மட்டும் தனியாக ஆடுகிறது.

வயர்மேன்_மண்டபம்:
அப்புறம் என்ன, கிழிகிற சத்தம் அதுதான்.

முதலில் ஆம்ப் கணக்கு. வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வையுங்கள். 30 ஆம்பியர் பெருக்கல் 14, மொத்தம் 420 வாட். அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃப்யூஸ் போய்விடும். உள்ளே போகும் 420-ம் ஸ்பீக்கருக்கு வராது. ஏபி கிளாஸ் ஆம்ப் என்றால் ஏறக்குறைய 60 சதவீதம்தான் வெளியே வரும், மிச்சம் சூடாகப் போகும், ஆகக் கிடைப்பது 250 வாட். டி கிளாஸ் என்றால் 80 சதவீதம், 330 சொச்சம். அதைத்தான் 1200 என்று விற்கிறார்கள். 250 வாட் ஒன்றும் மோசமில்லை, உங்கள் வண்டிக்குப் போதும். 1200-க்கு உண்டான விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். எந்த ஆம்ப் வாங்கினாலும் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் வாட்) என்ற எண்ணை மட்டும் பாருங்கள். சிஇஏ 2006 என்ற அமெரிக்க அளவு முறையில் அளந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, அதில் 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் டிஸ்டார்ஷன் இல்லாமல் என்று நிபந்தனை உண்டு.

இரண்டாவது கதவு. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளே ஓடி அடியில் உள்ள ஓட்டை வழியாகப் போகும்படிதான் எல்லா வண்டியும் செய்திருக்கிறார்கள், ஸ்பீக்கரின் முதுகு அந்த ஈரப்பக்கம்தான் இருக்கிறது. நம் ஊரில் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு நிற்கும். அதனால் காகிதக் கோனும் ஃபோம் வளையமும் வேண்டவே வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் வளையம், முடிந்தால் வார்ப்பு அலுமினிய ஃபிரேம். டெர்மினலில் கிளிப் செருகுவதோடு விடாமல் சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு டியூபை ஏற்றிச் சூடு காட்டுங்கள். விசைப்படகு வயரிங்கில் நாங்கள் செய்வது இதுதான், இல்லாவிட்டால் ஒரு சீசன் தாங்காது.

மூன்றாவது வயர். கடைக்காரர் சொன்ன கிட் அநேகமாகச் செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, படகுக்கு வாங்குவது அது, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் 60 சதவீதத்தை ஒட்டித்தான், அதோடு முனையில் உப்புக்காற்று பட்டால் மாவாக உதிரும். பானட்டுக்குள் அது உதிர்ந்து சூடாவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம்_டிசையர்:
சரி அண்ணே, மதுரை செட்டை விட்டுவிட்டேன். அப்போது எதை எடுப்பது? காக்கா சொல்வது போல சப் இல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

உச்சிப்புளி_ஸ்விஃப்ட்:
சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் ஆக்டிவ் சப் பாருங்கள், ஆம்ப் உள்ளேயே இருக்கும், டிக்கி அப்படியே காலி. நான் அதுதான் வைத்திருக்கிறேன், எனக்குப் போதும்.

கீழக்கரை_காக்கா:
தம்பி ஊர் தேவிபட்டினம். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆடி அமாவாசைக்கு ஈரக்காலோடு வண்டியில் ஏறுவார்கள், மணலும் கடல் தண்ணீரும் சீட்டுக்கு அடியில்தான் போய்ச் சேரும். அது வேண்டாம். தவிர அந்தச் சின்னப் பெட்டியில் கானாவுக்கு உண்டான அடி வராது, உச்சிப்புளிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வயர்மேன்_மண்டபம்:
காக்கா சொல்வதில் பாதிக்கு நானும் ஒத்துப்போகிறேன். சப் வேண்டும். ஆனால் மெலடியும் நாதஸ்வரமும் இருப்பது முன்கதவில், அங்கே கிழிந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பின்னால் 12 இஞ்ச் ஓட்டுவது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இல்லாமல் மேளம் அடிக்கிற மாதிரி.

என் கணக்கு இப்படி. ஒரே ஒரு நாலு சேனல் ஆம்ப், டி கிளாஸ், 4 ஓமில் சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ். முன்னால் இரண்டு சேனல் 6.5 இஞ்ச் காம்போனென்ட் ஸ்பீக்கருக்கு, அதாவது மெல்லிய ஒலிக்கான ட்வீட்டர் தனியாக வரும் செட். பின்னால் இரண்டு சேனலைப் பிரிட்ஜ் செய்தால் (ஒரே சேனலாகச் சேர்த்தால்) 4 ஓமில் 150 வாட் வரும், அது 10 இஞ்ச் சப்புக்கு. சப் வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிரிட்ஜ் செய்த சேனலில் 4 ஓமுக்குக் கீழே மாட்டக் கூடாது. ஒற்றை வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) உள்ள 4 ஓம் வாங்குங்கள், அல்லது இரட்டைக் காயில் உள்ள 2 ஓம் வாங்கித் தொடராகச் சேருங்கள். இரட்டை 4 ஓம் வாங்கி இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும், ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போகும் அல்லது புகையும்.

பாக்ஸ் மூடிய பாக்ஸ். முக்கால் கன அடி, ஒரு கன அடி என்ற அளவில் பெரும்பாலான 10 இஞ்சுக்குப் போதும், ஐஸ் பெட்டிக்கும் இடம் மிஞ்சும். தவில் அடி ‘தொப்’ என்று விழுந்து நிற்க வேண்டும் என்றால் மூடிய பாக்ஸ்தான். போர்ட் பாக்ஸில் அதே வாட்டுக்குச் சத்தம் அதிகம், அதை மறுக்கவில்லை, பாக்ஸ் இடமும் அதிகம் பிடிக்கும். பின்தட்டில் ஓவல் ஸ்பீக்கர் வேண்டாம். உங்கள் வண்டியில் பின்சீட் மடங்காது, டிக்கியிலிருந்து பாஸ் உள்ளே வர வழி வேண்டும். தட்டில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தால் அதை மூடாமல் மேலே துணி வலை மட்டும் போட்டுவிடுங்கள்.

மிச்சக் காசில் முன்கதவு இரண்டுக்கும் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டாம்பிங் ஷீட். வெளித்தகட்டின் உள்பக்கத்தில் பாதி மூடினாலே போதும், ரோலர் போட்டு அழுத்துங்கள். கதவின் அடியில் உள்ள தண்ணீர் ஓட்டையை மட்டும் மூடிவிடாதீர்கள், மூடினால் கதவு கீழிருந்து துருப்பிடித்து வரும். பஞ்சு மாதிரி உறிஞ்சும் எதையும் கதவுக்குள் ஒட்ட வேண்டாம்.

உச்சிப்புளி_ஸ்விஃப்ட்:
கோஆக்சியல் (ட்வீட்டர் ஸ்பீக்கரின் நடுவிலேயே இருப்பது) போதாதா? காம்போனென்ட் என்றால் ட்வீட்டருக்குத் தனியாக இடம் தேட வேண்டும்.

வயர்மேன்_மண்டபம்:
கோஆக்சியல் மாட்ட எளிது, விலையும் குறைவு. ஆனால் கதவு ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து இருக்கிறது, ட்வீட்டரும் அங்கேயே இருந்தால் நாதஸ்வரம் காலடியில் வாசிக்கிற மாதிரி கேட்கும். ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ பில்லரிலோ வைத்தால் சத்தம் டாஷ்போர்டு உயரத்துக்கு ஏறிவிடும். காசு இடித்தால் சப்பைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேவிபட்டினம்_டிசையர்:
எல்லாம் அண்ணன் சொன்னபடியே வாங்கிவிட்டேன், 34,000-க்குள் முடிந்தது. கம்பெனி செட்டில் ஆர்சிஏ (ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் சாக்கெட்) இல்லை, அதை மாற்றவும் இஷ்டமில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஆம்புக்குச் சிக்னல் எடுக்கலாமா? கெயின் திருகை எவ்வளவு திருப்புவது? கடைப்பையன் முழுசாகத் திருப்பிவிடுங்கள் என்கிறான்.

வயர்மேன்_மண்டபம்:
அவனை அந்தப் பக்கமே விடாதீர்கள். கெயின் என்பது வால்யூம் இல்லை, செட் அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது. முழுசாகத் திருப்பினால் சிக்னலின் தலை வெட்டுப்படும், முதலில் போவது ட்வீட்டர்.

ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் வயரையே நேராகக் கொடுக்கலாம், பலவற்றில் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் கூட வேண்டாம், சிக்னல் வந்தால் தானாக ஆன் ஆகும். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் வாங்கிச் செருகுங்கள், வாரண்டி பேச்சு வராது.

கெயினுக்கு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள், ஈக்வலைசரை நடுவில் வையுங்கள், செட் வால்யூம் முக்கால். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். முன்னால் 50 வாட், 4 ஓம்: 200-ன் வர்க்கமூலம் 14.1. சப் 150 வாட், 4 ஓம்: 600-ன் வர்க்கமூலம் 24.5. முன்னதுக்கு 300 ஹெர்ட்ஸ் டோன், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் தொட்டு, அந்த வோல்ட் வரும்வரை கெயினைத் திருகி நிறுத்துங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டும். அப்புறம் முன்னால் ஹைபாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழே உள்ளதைத் தடுக்கும்), சப்புக்கு லோபாஸ் 80 (அதற்கு மேலே உள்ளதைத் தடுக்கும்). பாஸ் பூஸ்ட் சைபர்.

பவர் வயர் 8 கேஜ் நல்ல செம்பு, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ். அந்த ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான், ஆம்பை அல்ல, அதனால் ‘ஆம்பில்தான் ஒன்று இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தேவிபட்டினம்_டிசையர்:
மாட்டியாயிற்று. பாட்டு நன்றாக இருக்கிறது, தவில் கதவிலிருந்து தனியாகத் தெறிக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘ங்ஈஈ’ என்று ஒரு விசில், மிதிக்க மிதிக்க ஏறுகிறது. எஞ்சினை அணைத்தால் இல்லை.

கீழக்கரை_காக்கா:
ஆல்டர்னேட்டர் விசில். பவர் வயரும் சிக்னல் வயரும் ஒரே பக்கமாகப் போகிறதா? எர்த் எங்கே கொடுத்தீர்கள்?

தேவிபட்டினம்_டிசையர்:
பவர் டிரைவர் பக்கம், சிக்னல் இடது பக்கம். எர்த் டிக்கியில் சீட் பெல்ட் போல்ட்டில்.

வயர்மேன்_மண்டபம்:
முதலில் அதைக் கழற்றுங்கள். சீட் பெல்ட் போல்ட் உயிரைக் காப்பாற்றுவதற்கு, அதில் ரிங்கை நுழைத்துத் தளர விடக் கூடாது, அதோடு அந்த இடத்தில் பெயின்ட் கனமாக இருக்கும். தரைத்தகட்டில் வேறு இடம் பார்த்து, அடியில் பெட்ரோல் பைப், டேங்க் எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டு, ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டித் தகடு பளபளக்கும்வரை தேயுங்கள். ரிங், பல் வாஷர், போல்ட் என்று இறுக்கிவிட்டு மேலே கிரீஸ் கனமாகப் பூசுங்கள். கிரீஸ் பூசாவிட்டால் நம் காற்றில் அந்த வட்டம் சீக்கிரமே பழுப்பாகி, விசில் திரும்ப வந்துவிடும். எர்த் வயரும் பவர் வயர் அளவு கனம், ஒன்றரை முழத்துக்கு மேல் நீளம் வேண்டாம்.

தேவிபட்டினம்_டிசையர்:
விசில் சுத்தமாகப் போய்விட்டது. இன்னும் ஒன்று, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பாஸ் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது. கெயினைக் கூட்டலாமா?

கீழக்கரை_காக்கா:
கெயினைத் தொடாதீர்கள். சப் சேனலில் பேஸ் (phase) சுவிட்ச் இருக்கும், 0, 180 என்று. பழக்கமான பாட்டு ஒன்றைப் போட்டு டிரைவர் சீட்டில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதில் கனமாகக் கேட்கிறதோ அது சரி. அந்த சுவிட்ச் இல்லை என்றால் சப்பின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிப் போட்டாலும் அதேதான். பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள், அங்கே காற்றுக்கு எந்த சப்பும் எடுபடாது.

தேவிபட்டினம்_டிசையர்:
180-ல் நன்றாகக் கனக்கிறது காக்கா. அப்படியே விட்டுவிட்டேன். நம்பர் பிளேட் மட்டும் இப்போது கடகடக்கிறது, அதற்குப் பின்னால் ரப்பர் ஷீட் வெட்டி ஒட்டப் போகிறேன்.