அப்பா வாய்ஸ் நோட்ட மீட்கணும், ஹெல்ப் பண்ணுங்க

போன வருசம் தவறுன எங்க அப்பாவோட ரெட்மி நோட் 7 கீழ விழுந்து டிஸ்பிளே போச்சு, ஆனா அலாரம் அடிக்குது. தூத்தூர் பக்கம் எங்க ஊரு, ஃபுட்பால் வாட்ஸ்அப் குரூப்ல அப்பாதான் கமென்ட்ரி, பிரேசில் ரசிகருங்கள வம்பிழுக்கவே ஒரு விசில் வச்சிருந்தாவ. 2022 வேர்ல்ட் கப் ஃபைனல்ல பிரான்ஸ் கோமான் பெனால்டிய அர்ஜென்டினா கீப்பர் மார்டினெஸ் தடுத்தப்போ "தட்டிட்டாம்லே மக்கா"ன்னு கத்தி, சிரிச்சு சிரிச்சு இருமலோட முடியுற வாய்ஸ் நோட்டு, அது எனக்கு வேணும்.

மார்த்தாண்டத்துல டிஸ்பிளே மாத்தியும் படம் வரல, உள்ள இருக்க சர்க்யூட் போர்டு கம்ப்ளெயின்ட்டுன்னு சொன்னாவ. கம்ப்யூட்டர்ல மாட்டுனா சார்ஜ் மட்டும் ஏறுது, கம்ப்யூட்டர் வழியா போன இயக்க விடுற யுஎஸ்பி டீபக்கிங் செட்டிங் ஆன்ல இல்ல. கூகுள் டிரைவ்ல வாட்ஸ்அப் பேக்கப் கெடக்கு, ஆனா சிம் கட்டாகி நம்பர் வேற ஆளுக்குப் போயிட்டு, ஓடிபி அங்க போவுது. குரூப்ல கேட்டவங்க எல்லாம் பழைய சாட்ட கிளியர் பண்ணிட்டாங்க. போன் லாக் பேட்டர்ன் எனக்குத் தெரியும்.

டேட்டா அழியாம போர்டு சரி பண்ணித் தார ஆளு நாகர்கோவில்லயோ திருவனந்தபுரத்துலயோ யாருக்காவது தெரியுமா?