பழவேற்காடு டச்சுக் கல்லறை: எழுத்து தெளிவாகத் தெரிய எப்போது போகலாம்?

கேள்வி: சென்னையிலிருந்து குடும்பத்தோடு ரயிலில் வருகிறோம். கல்லறைக் கற்களில் உள்ள எழுத்துகளைப் படமெடுக்க வேண்டும். எந்த நேரம் சரி? சாக்பீஸ் தேய்த்தால் நன்றாகத் தெரியும் என்கிறார்களே?

பதில் 1: கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி பொன்னேரியில் இறங்குங்க, அங்கிருந்து பழவேற்காடு பஸ். உச்சி வெயிலில் எழுத்துக்கு நிழலே விழாது, கல் வெறும் பலகை மாதிரி தெரியும். வெயில் சாய்ந்திருக்கும் காலையோ மாலையோதான் நல்லது. கேட் பூட்டியிருந்தால் சுவர் ஏறாதீங்க, அக்கம்பக்கத்தில் காவலாளியை விசாரிங்க.

பதில் 2: சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம்! உப்புக்காற்றில் ஏற்கெனவே அரித்த கல் அது. தூள் குழிகளில் தங்கிவிடும், தேய்த்தால் விளிம்பு உதிரும். இது தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமும்கூட. கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் டார்ச் அடிங்க, போதும். ஒருவர் குடையால் நேர்வெயிலை மறைக்கட்டும். ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும்.

பதில் 3: வாசலில் உள்ள எலும்புக்கூடு சிற்பங்களை அவசரமாகக் கடந்துவிடாதீங்க. ஆண்டைத் தேடும்போது ‘அன்னோ’ (Anno, ‘ஆண்டில்’ என்று பொருள்) என்ற சொல்லுக்குப் பின்னால் பாருங்க. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது, 1690இல் இங்கிருந்த டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினம் போய்விட்டது. மழைக்காலத்தில் புல் உயரமாக வளரும், மூடிய ஷூ போட்டு வாங்க.