புதுப்பிப்பு: பழவேற்காடு வீட்டில் தங்கிவிட்டு வந்தோம்

பழவேற்காடு பக்கம் நாமே சமைத்துச் சாப்பிடும்படி ஒரு வாடகை வீடு எடுக்கலாமா, முட்டி வலியுள்ள அம்மாவுக்குச் சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டு ராத்திரி தங்கிவிட்டு நேற்றுதான் தண்டையார்பேட்டை திரும்பினோம்.

வீட்டில் படி இல்லை, வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. அது போதும்.

அரிசி, காய்கறியைப் பொன்னேரியிலேயே வாங்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. மண்சட்டியும் குழம்புத்தூளும் எடுத்துப்போனது நல்லதாயிற்று. அங்கே இருந்தவை இரண்டு அலுமினியப் பாத்திரங்கள்தான். முதல் ராத்திரியே கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் வந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலிண்டரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் அந்த ஏரி நண்டு! காசிமேட்டு மீனிலேயே வளர்ந்த அம்மா, குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இது வேற ருசிடா" என்றார். உப்பும் நன்னீரும் கலக்கிற தண்ணீரில் வளர்வதால்தான் என்பது அவர் முடிவு. சாயங்காலம் டச்சுக் கல்லறைக்கு நடந்தோம். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை என் பையன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பூநாரைகள் இந்த முறை கண்ணில் படவில்லை. அப்புறம், ஜனவரியில் மறுபடி போகிறோம். இன்னொரு அடுப்பும் கையோடு வரும்.